“அடிச்சாதான் படியும்!”னு சொன்ன டிரெய்னரை அப்பா ஏன் திருப்பி அனுப்பினார்? - நாய்க்குட்டிக்குப் பயிற்சியாளர் தேடிய கதை

‘பத்தே நாள்ல உங்க நாய் சிட், ஸ்டே, ஷேக்ஹேண்ட் எல்லாம் பண்ணும். கேரண்டி!’

நாய்ப் பயிற்சியாளரைத் தேடி போனை எடுத்தால் முதலில் கண்ணில் படுவது இப்படிப்பட்ட வாக்குறுதிகள்தான். கூடவே ஒரு ரீல்ஸும் இருக்கும். பெரிய ஜெர்மன் ஷெப்பர்டு ஒன்று சிலை மாதிரி உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் கை கட்டி நிற்பார். பின்னணியில் சினிமா மாஸ் பி.ஜி.எம். ஒரு வாரத்தில் இப்படி நாற்பது, ஐம்பது வீடியோக்கள் பார்த்துவிட்டேன். காரணம், எங்கள் வீட்டு மிளகு.

மிளகு நாட்டு நாய்க்குட்டி. மூக்கு நுனியிலிருந்து வால் வரை கறுப்பு. தாய் லாரியில் அடிபட்டு இறந்துவிட, தெருமுனைக் கடை வாசலில் கத்திக்கொண்டிருந்தவளைத் தம்பி சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தான். பல்லைப் பார்த்துவிட்டு “7 வாரம் இருக்கும்” என்றார் கால்நடை மருத்துவர்.

குட்டி என்றால் கடிக்கும். செருப்பு, துடைப்பம், கதவு மூலை, மனிதக் கை எல்லாமே அதற்கு ஒன்றுதான். மற்ற வீடுகளில் இதைச் சிரித்துக் கடந்துவிடலாம். எங்கள் வீட்டில் முடியாது. பாட்டிக்கு 78 வயது. இதயத் துடிப்பு சீராக இல்லாததால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்துக்கொள்கிறார். காய்கறி நறுக்கும்போது விரலில் சின்னக் கீறல் பட்டாலே ரத்தம் நிற்க நேரமாகும். தோலும் வெங்காயச் சருகு மாதிரி.

வந்த பத்தாவது நாள் மிளகு துள்ளி விளையாடியதில் பாட்டியின் முன்கையில் இரண்டு பல் பதிந்துவிட்டது. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, துணியை அழுத்திப் பிடித்தபடி அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். தெருவில் பிறந்த குட்டி, தாய்க்குத் தடுப்பூசி போட்டார்களா என்று தெரியாது. குட்டிதானே என்று விடக் கூடாது என்றார் டாக்டர். காயத்தைச் சுற்றி ஒரு மருந்து, பிறகு 0, 3, 7, 28 என்ற நாள் கணக்கில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. எல்லாமே இலவசம். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. வராமல் தடுக்க முடியும். அதனால் இதில் அலட்சியம் கூடவே கூடாது.

அன்று இரவு அப்பா ஒரே வரியில் சொன்னார்: “ஒரு மாசம் டைம். கடிக்கிறது நிக்கலைன்னா யாருக்காவது குடுத்துடுவோம்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. வயதானவர் இருக்கும் வீட்டில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால், கடித்துப் பழகிய கறுப்பு நாட்டு நாய்க்குட்டியை யார் எடுத்துக்கொள்வார்கள்? திரும்பவும் தெருதான். எனவே, ஒரு மாதத்துக்குள் நல்ல பயிற்சியாளர் வேண்டும்.

யார் வேண்டுமானாலும் டிரெய்னர்!

தேட ஆரம்பித்ததும்தான் ஒரு விஷயம் புரிந்தது. நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 8 வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது. 2017-ல் வந்த மத்திய அரசு விதிகள் இப்படிச் சொல்கின்றன. ஆனால், நாய்க்குப் பயிற்சி கொடுப்பவருக்கு அப்படியொரு கட்டாயத் தேர்வோ உரிமமோ நம் நாட்டில் கிடையாது. நாளைக் காலையில் நானே ஒரு விசிட்டிங் கார்டு அடித்தால் நானும் டிரெய்னர்தான்.

1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், விலங்கை அடிப்பதையும் உதைப்பதையும் குற்றம் என்கிறது. முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய். இன்றைக்கு 10 ரூபாய்க்கு டீ கிடைப்பதே கஷ்டம். ஆக, யாரை நம்பி குட்டியைக் கொடுப்பது என்பதை நாம்தான் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

முதல் ஆள்: “45 நாள் எங்ககிட்ட விட்டுடுங்க”

நகருக்கு வெளியே பெரிய இடம். குட்டியை அங்கேயே தங்கவைத்து, 45 நாள் கழித்துத் திருப்பிக் கொடுப்பார்கள். 25,000 ரூபாய் கேட்டார்கள். “நீங்க எதுவும் பண்ண வேணாம். ரெடிமேடா வரும்” என்றார் போனில் பேசியவர்.

“பயிற்சி நடக்கும்போது வந்து பார்க்கலாமா?” என்று கேட்டேன். “ஓனரைப் பார்த்தா நாய்க்குக் கவனம் சிதறும். அதெல்லாம் அலோ பண்றதில்லை. வாரா வாரம் வீடியோ அனுப்புவோம்” என்றார்.

மிளகுக்குத் தடுப்பூசி போடப் போனபோது டாக்டரிடம் இதைச் சொன்னேன். “அங்கே யாரைக் கடிக்கக் கூடாதுன்னு கத்துக்கும்? அங்கே இருக்கிற பையனை. உங்க பாட்டி அங்கே இல்லையே” என்றார். எங்கே, யாரிடம், எந்தச் சூழலில் பழகுகிறதோ அதோடு சேர்த்துத்தான் நாய் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்ளும். மைதானத்தில் ‘உட்கார்’ என்றால் உட்காரும் நாய், நம் வீட்டு சமையலறையில் ‘என்ன சொல்றாங்க?’ என்று முழிக்கும். அதுவும் 3 வாரத்திலிருந்து ஏறக்குறைய 14 வாரம் வரையிலான காலம்தான் குட்டி உலகத்தைப் பழகும் காலம். மனிதர், சத்தம், வாகனம், குக்கர் விசில் என எதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்பதை அப்போது அது மனதில் பதித்துக்கொள்கிறது. அந்த வாரங்களைக் கூண்டில் கழித்தால் பிறகு ஈடுகட்டுவது கஷ்டம்.

இரண்டாவது ஆள்: “நீங்கதான் லீடர்னு காட்டணும்”

இவர் வீட்டுக்கே வருவார். 12 வகுப்பு, 8,000 ரூபாய். அப்பாவுக்குப் பிடித்துப்போனது. காரணம், அவர் பேச்சு அப்பாவின் பேச்சு மாதிரியே இருந்தது. ‘அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்’ என்பதை வேதவாக்காகச் சொல்லி எங்களை வளர்த்தவர் அப்பா. பெரம்பூர் ஐ.சி.எஃப்-ல் முப்பது வருடத்துக்கும் மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஷிஃப்ட், சைரன், ஒழுங்கு என்றே வாழ்ந்தவர்.

வந்தவர் மிளகைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். “நாட்டு நாய் சார். மண்டைல ஏறாது. கொஞ்சம் அடிச்சாதான் படியும்.” பிறகு விளக்கினார்: “நாய் ஓநாய் வம்சம். கூட்டத்துல ஒரு தலைவன் இருப்பான். நீங்கதான் அந்தத் தலைவன்னு காட்டணும். கடிச்சா திருப்பிப் போட்டு கழுத்தை அழுத்துங்க.”

இந்த ‘தலைவன்’ கதை எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். 1947-ல் ருடால்ஃப் ஷென்கல் என்ற ஆய்வாளர், அடைத்துவைக்கப்பட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஓநாய்களை ஒரே இடத்தில் அடைத்தால் சண்டை போடாமல் என்ன செய்யும்? டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-ல் வெளியிட்ட ஓநாய்கள் பற்றிய புத்தகம் இந்தக் கருத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஆனால், அதே மெக் பிறகு கனடாவின் வடகோடித் தீவு ஒன்றில் காட்டு ஓநாய்களைப் பல வருடம் நேரில் கவனித்தார். அங்கே கூட்டம் என்பது அம்மா, அப்பா, பிள்ளைகள் அவ்வளவுதான். அதிகாரத்துக்கான அடிதடி இல்லை. 1999-ல் இதைக் கட்டுரையாக எழுதியவர், தன் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரிடம் கேட்டுக்கொண்டார். சொன்னவரே கைவிட்ட கதையை நம் ஊர் மாடிப்படிகளில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

‘நாட்டு நாய்க்கு ஏறாது’ என்பதும் உண்மையில்லை. தெருவில் கிடைத்த குட்டியை மோப்ப நாயாகவே பழக்கியிருக்கிறது உத்தரகாண்ட் காவல்துறை. கர்நாடகாவின் முதோல் நாய்களை ராணுவம் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது.

அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. எதிரில் நடந்ததை மட்டும் பார்த்தேன். அவர் மிளகின் கழுத்தில் இழுத்தால் இறுகும் சங்கிலியைப் போட்டார். “சிட்!” என்று உரக்கச் சொல்லி, சங்கிலியை மேலே ஒரு சுண்டு சுண்டினார். மிளகு ‘வீல்’ என்றது. இரண்டாவது சுண்டலில் உட்கார்ந்துவிட்டது. “பார்த்தீங்களா சார், ரெண்டே நிமிஷம்!” என்று திரும்பினார்.

மிளகு உட்கார்ந்துதான் இருந்தது. காது பின்னால் ஒட்டியிருந்தது. வால் வயிற்றுக்குள். உதட்டை நக்கி நக்கி விழுங்கியது. அதன் கீழே தரையில் மெல்ல ஈரம் பரவியது.

நான் வாய் திறப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார். “போதும் தம்பி. கழட்டுங்க.” அன்றைய வகுப்புக்கான பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, பழைய துணியை எடுத்து வந்து தரையைத் துடைத்தார். எங்கள் யாரையும் துடைக்க விடவில்லை.

இரவு சாப்பிடும்போது பாட்டிதான் கேட்டார். “ஏன்டா அனுப்பிட்ட? நீதானே அவனை வரச் சொன்ன?”

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “கணக்கு வாத்தியார் கிளாஸுக்குள்ள வந்தா எனக்கும் அப்படித்தான்மா வரும். ஒம்பதாவது வரைக்கும்.”

பாட்டிக்கு அது அன்றுதான் தெரியும். எங்களுக்கும்தான். யாரும் எதுவும் பேசவில்லை. அம்மா இன்னொரு தோசையை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

பயம் கீழ்ப்படிதல் மாதிரியே தெரியும்

பயத்தில் உட்காரும் நாயும் பழகி உட்காரும் நாயும் வீடியோவில் ஒரே மாதிரி தெரியும். வித்தியாசம் காதில், வாலில், வாயில் இருக்கிறது. வால் உள்ளே போயிருக்கிறதா, அடிக்கடி உதட்டை நக்குகிறதா, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுகிறதா, கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்க்கிறதா? இவையெல்லாம் பதற்றத்தின் அடையாளங்கள். இதைத் தெரிந்துகொண்டு அந்த ரீல்ஸ்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

போர்ச்சுகல் ஆய்வாளர்கள் பயிற்சிப் பள்ளிகளுக்குப் போகும் 92 வீட்டு நாய்களை ஆராய்ந்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். தண்டனை கொடுத்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்கள் வகுப்பில் அதிகப் பதற்றத்தைக் காட்டின. வகுப்புக்குப் பிறகு அவற்றின் எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் அதிகரித்திருந்தது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஷாக் கொடுக்கும் கழுத்துப்பட்டைக்கு 2010-லேயே தடை வந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய், உறுமுவதை நிறுத்திவிடும். பயம் மட்டும் அப்படியே இருக்கும். ஒருநாள் உறுமாமலே கடித்துவிடும். உறுமல் என்பது நமக்கான எச்சரிக்கை மணி. பாட்டி இருக்கும் வீட்டில் அந்த மணியை அறுத்துவிட முடியாது. 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறிய செய்தியைச் சென்னையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நாய் வளர்க்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தப் பொறுப்பு உண்டு.

மூன்றாவது ஆள்: “பாட்டியைக் கூட்டிட்டு வாங்க”

கடைசியில் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு. ஆறு வாரம், 4,500 ரூபாய். நடத்துபவர் முப்பதுகளில் இருக்கும் ஒரு பெண். நான் கேள்வி கேட்பதற்கு முன்னால் அவர்தான் எங்களைக் கேட்டார். தடுப்பூசி போட்டாச்சா? பூச்சி மருந்து? வீட்டில் எத்தனை பேர்? பகலில் குட்டியோடு இருப்பது யார்?

“தடுப்பூசி முழுசா முடியாம வெளியே கூட்டிட்டு வரலாமா?” என்பது எங்கள் பயம். பார்வோ வைரஸ் குட்டிகளைக் கொன்றுவிடும். கடைசி டோஸ் முடிய 16 வாரம் ஆகிவிடும். ஆனால், அதுவரை பூட்டிவைத்தால் பழகும் காலம் போய்விடும். அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர்கள் சங்கம் இதற்கு ஒரு நடுவழி சொல்கிறது: முதல் தடுப்பூசி போட்டு 7 நாளாவது ஆகி, பூச்சி மருந்தும் கொடுத்திருந்தால், 7-8 வாரக் குட்டியைக்கூட சுத்தமான இடத்தில் நடக்கும் வகுப்புக்குக் கூட்டிப்போகலாம். அதனால்தான் சான்றிதழ் கேட்காமல் குட்டியைச் சேர்த்துக்கொள்ளும் வகுப்பு நல்ல வகுப்பு அல்ல. எங்கள் டாக்டரும் சரி என்ற பிறகே போனோம்.

“பாட்டியைக் கடிக்குதுன்னா பாட்டியைக் கூட்டிட்டு வாங்க. பாட்டிக்குத்தான் கிளாஸ்” என்றார் அந்தப் பெண்.

பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். நீளக் கை ரவிக்கை, மடியில் தடித்த துண்டு. கைக்கும் குட்டிக்கும் நடுவே எப்போதும் ஒரு கயிற்றுப் பொம்மை. மிளகு மேலே தாவினால் கையை உதறக் கூடாது, கத்தவும் கூடாது. “கையை ஆட்டினா விளையாட்டுன்னு நினைக்கும். மரம் மாதிரி இருங்க பாட்டி. முகத்தைத் திருப்பிக்கோங்க.” நான்கு காலும் தரையில் பட்ட நொடியே “நல்ல பொண்ணு” என்று சொல்லி ஒரு துண்டு கோழி. அந்த நொடிதான் முக்கியம். சற்றுத் தாமதித்தால்கூட எதற்காகக் கிடைத்தது என்று குட்டிக்குப் புரியாது.

பாட்டி சைவம். கோழித் துண்டைத் தொட மாட்டேன் என்றார். கேரட், வேகவைத்த பூசணி போதும் என்று சமாதானமானது. அவரே ஆசையாக உலர்திராட்சை கொண்டு வந்தபோதுதான் டீச்சர் பதறிவிட்டார். திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சாக்லேட்டும் வெங்காயமும்கூட விஷம்தான்.

முதல் வாரத்திலேயே இன்னொன்றும் வெளிவந்தது. அப்பா ‘சிட்’ என்கிறார், அம்மா ‘உக்காரு’ என்கிறார், தம்பி ‘சிட் டவுன்’ என்கிறான். பாட்டி ‘ஏ கழுதை, சும்மா இரு’ என்கிறார். பாவம், அது எதைக் கேட்கும்? உக்காரு, விடு, வா என்று மூன்றே வார்த்தைகளைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினோம்.

சேர்ப்பதற்கு முன் கேளுங்கள்

உங்கள் வீட்டுக்கும் குட்டி வந்திருக்கிறதா? பணம் கட்டுவதற்கு முன் பயிற்சியாளரிடம் இவற்றைக் கேட்டுவிடுங்கள்.

* நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள்? தப்பாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? ‘கரெக்ட் பண்ணுவோம்’ என்று மழுப்பினால், எப்படி என்று செய்து காட்டச் சொல்லுங்கள்.
* குட்டியைக் கூட்டி வராமல் ஒரு வகுப்பை முழுசாகப் பார்க்கலாமா? ‘கூடாது’ என்றால் வேறு இடம் பாருங்கள்.
* வீட்டில் இருப்பவர்களுக்கும் கற்றுக்கொடுப்பீர்களா?
* தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கிறீர்களா?
* இறுகும் சங்கிலி, முள் வைத்த பட்டை, ஷாக் பட்டை பயன்படுத்துவீர்களா?

‘இத்தனை நாளில் கேரண்டி’ என்பவரிடம் எச்சரிக்கை தேவை. நாய் மிக்ஸி இல்லை. பயிற்சியாளர் உள்ளே வரும்போது மற்ற நாய்கள் அவரை நோக்கி ஓடுகின்றனவா, ஒதுங்குகின்றனவா என்பதையும் கவனியுங்கள். நன்றாக இருந்த நாய் திடீரென்று கடிக்க ஆரம்பித்தால், பயிற்சியாளருக்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இருந்தாலும் நாய் கடிக்கும்.

மூன்று மாதம் ஆனதும் மிளகுக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டு, மாநகராட்சி உரிமத்துக்கும் விண்ணப்பித்துவிட்டோம். சென்னையில் இது கட்டாயம்.

அப்பா கொடுத்த ஒரு மாதம் எப்போது முடிந்தது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. மிளகுக்கு இப்போது 7 மாதம். பால் பற்கள் விழுந்து பெரிய பற்கள் வந்துவிட்டன. தெருவில் பூனையைப் பார்த்தால் இழுக்கிறாள். தம்பியின் இரண்டு ஜோடி ஷூவைத் தின்றுவிட்டாள். ஆனால், பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தால் ஓடி வந்து எதிரில் உட்கார்ந்துகொள்கிறாள். அந்த ஒரு கடிக்குப் பிறகு பாட்டி கையில் பல் படவில்லை. இருந்தாலும் இருவரையும் தனியாக விடுவதில்லை. யாராவது ஒருவர் கூடவே இருப்போம்.

காலை ஐந்தரை மணி வாக்கிங் அப்பாவின் டியூட்டி. சட்டைப் பையில் கொஞ்சம் பொட்டுக்கடலை இருக்கும். அவர் “வா” என்றால் மிளகு திரும்பி வருவதைப் பார்த்து, “எந்த டிரெய்னர் சார், நம்பர் குடுங்க” என்று கேட்பவர்கள் உண்டு.

அப்பா கொடுக்கிறார். கூடவே சொல்கிறார்: “முதல்ல நாயைக் கூட்டிட்டுப் போகாதீங்க. நீங்க மட்டும் ஒருநாள் போய் உக்காந்து பாத்துட்டு வாங்க.”